கொட்டிலும் வடிகாலும்: சிங்கப்பூர்ப் பன்றி வளர்ப்பின் வரலாறு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதிக்குத் தேக்கா என்ற பெயரோடு கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் வழங்கிவருவதை வாசகர் அறிவர். இது மலாய்த் தொடர். எருமைத் தொழுவம் என்பது இதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே மாட்டு வாணிகம் செழித்திருந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் அதில் பெயர் பெற்றவர். பெலிலியோஸ் சாலை இன்றும் அவரை நினைவூட்டுகிறது. ரோச்சோர் ஆற்றை அடுத்த சதுப்பு நிலத்தில் புல்லும் நீரும் மிகுந்திருந்தமையாலேயே தொழுவங்கள் இங்கு அமைந்தன. எருமை படுத்துக் கிடக்கக் குட்டையும், சாணத்தை ஏற்க நிலமும் செலவின்றிக் கிடைத்தன. சதுப்பு வடிக்கப்பட்டு வீடுகள் பெருகியபோது தொழுவங்கள் மறைந்தன. பெயர் மட்டும் நிலைத்தது.

இதே கதை பிற்காலத்தில் இன்னும் பெரிய அளவில், நகருக்கு அப்பாற்பட்ட கம்பங்களில், சீனக் குடியானவர்களின் பன்றிக் கொட்டில்களிலும் நடந்தேறியது. சிக்கனமாகக் கொட்டில் கட்ட விரும்புவோர் கற்கவேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

கம்பத்துக் கொட்டில்

அக்கொட்டிலின் அமைப்பு மிக எளியது. மரக்கால்கள், அத்தாப்பு அல்லது தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர், சாய்வாகப் பூசிய சிமெண்டுத் தரை, அதன் ஓரத்தில் ஒரு வாய்க்கால்: இவ்வளவே. எளியதாயினும் அது அறிவோடு அமைக்கப்பட்டது. பன்றிக்கு வியர்வை மிகக் குறைவு. ஆதலின் வெப்பநாட்டில் அதற்கு நிழலும் காற்றோட்டமும் உணவுக்கு அடுத்தபடியாக இன்றியமையாதவை. சுவர் தாழ்ந்திருந்ததால் காற்று தடையின்றி உள்ளே புகுந்தது. அத்தாப்பு, தகரத்தைப்போல் வெப்பத்தைக் கீழே இறக்குவதில்லை. போதிய இடம் கொடுத்தால் பன்றி படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது. ஒரு மூலையையே கழிப்பிடமாகக் கொள்ளும். ஆகவே சாய்வும் வாய்க்காலும் சரியாக அமைந்தால் கழுவும் வேலை பாதியாகக் குறையும்.

ஆனால் கொட்டிலை உண்மையில் மலிவாக்கியது கூரையுமன்று, சுவருமன்று, பக்கத்திலிருந்த குளமேயாகும். வாய்க்கால் வழியே சென்ற கழிவு குளத்தில் சேர்ந்தது. அங்கே ஆகாயத்தாமரை தழைத்தது, மீனும் வளர்ந்தது. ஆகாயத்தாமரையை நறுக்கி, பெரிய சட்டியில் வேகவைத்து, மீண்டும் பன்றிக்கே இட்டனர். எஞ்சிய எரு காய்கறித் தோட்டத்துக்குச் சென்றது. குடியானவன் காசு கொடுத்துக் கட்டியது கொட்டில் ஒன்றே. கழிவைச் செரிக்கும் வேலையைக் குளமும் மண்ணும் கூலியின்றிச் செய்தன. இம்முறையில் தொடங்கி வளர்ந்த பண்ணைகளே 1970களில் நாட்டின் பன்றியிறைச்சித் தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றின.

நீரா, பன்றியா?

சிறிய தீவில் குடிமக்கள் பெருகப் பெருக, குடிநீரே முதற் கவலையாயிற்று. கிராஞ்சி போன்ற முகத்துவாரங்கள் அணையிடப்பட்டு நீர்த்தேக்கங்களாக மாறின. பெருமழையில் குளங்கள் நிரம்பி வழிந்தபோது கழிவு ஓடைகளில் கலந்தது. முன்பு கடலுக்குச் சென்ற அந்நீர் இனிக் குடிநீர்த் தேக்கத்தையே அடையும் என்ற நிலை ஏற்பட்டது. எனவே நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்த பண்ணையாளர் பலர் 1970களில் வடகிழக்கேயுள்ள பொங்கோலுக்குப் பெயர்க்கப்பட்டனர். 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலத் தூய்மைப் பணியிலும் சுமார் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன.

பொங்கோலில் குளத்தின் இடத்தை இயந்திரம் பிடித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கவும், அதில் பாசி வளர்த்துப் பயன்கொள்ளவும் ஆராய்ச்சிகள் நடந்தன. அவை வீண்முயற்சிகள் அல்ல. எனினும் குளம் இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது நிலமும் பொருளும் வேண்டியிருந்தன. நிலமோ நாளுக்கு நாள் விலை ஏறியது. 1984இல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்திவிட அரசு முடிவு செய்தது. 1990ஆம் ஆண்டு வாக்கில் பண்ணைகள் இல்லாதொழிந்தன. அரசின் வாதம் பொய்யன்று. குடிநீருக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆயினும் ஒருமுறை இடம்பெயர்ந்து, புதுக் கொட்டில் கட்டி, பத்தாண்டுக்குள்ளாகவே தொழிலையே கைவிடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்ட குடியானவனின் இழப்பும் பொய்யன்று. நகரின் தூய்மைக்கு அவன் செலுத்திய விலையையும் வரலாறு குறித்துவைக்க வேண்டும்.

மரத்தடியில் வந்த நோய்

கொட்டிலின் அமைப்பு உயிர்ப்பிரச்சினையும் ஆகலாம் என்பதை அண்டைநாடான மலேசியா பின்னர்க் கண்டது. 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய நிப்பா நோய் 1999க்குள் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. பத்து லட்சம் அளவில் பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரிலும் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். நோய் முதலில் தோன்றிய பண்ணையில் கொட்டில்களின் அருகே மாமரங்கள் இருந்தன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றதால் நச்சுயிரி பரவியிருக்கும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நிழலும் பழவருவாயும் ஒருங்கே கிடைக்கும் என்று நட்ட மரமே கேட்டுக்கு வாயிலாயிற்று.

இவற்றால் பெறப்படுவது யாது? கொட்டிலுக்கு மதிப்பீடு போடுவோர் கூரையிலிருந்து தொடங்குவது வழக்கம். வடிகாலிலிருந்து தொடங்குவதே முறை. கழிவு எங்கே போய்ச் சேரும், அதை ஏற்கும் நிலம் எவ்வளவு, கீழே அந்நீரைக் குடிப்பவர் யார், மேலே கிளையில் தங்குவது எது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மரமும் தகரமும் வாங்கவேண்டும். அவ்விடை இல்லாத கொட்டில் எவ்வளவு குறைந்த செலவில் எழுந்தாலும் மலிவானதன்று. அதன் செலவை வேறொருவர் பின்னால் செலுத்த நேரும்.