காசுக் கவலைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

ஒரு மனிதன் நாளொன்றுக்கு எத்தனை தடவை காசைப் பற்றி யோசிக்கிறான்? வரலாற்றிடம் கேட்கக் கூடிய கேள்வியா இது என்று சிலருக்குத் தோன்றலாம். கவலை மனதுக்குள் நடப்பது. அதைப் பதிந்து வைக்கக் கச்சேரியில் இடாப்பு எதுவும் இருந்ததில்லை. ஆனால் காசுக் கவலைக்கு ஒரு கெடு உண்டு. வரவு எப்போது வரும், கடன்காரர் எப்போது வருவார் என்ற இரண்டு திகதிகளுக்கும் நடுவில்தான் அது வளர்கிறது. அந்தத் திகதிகளைத் தீர்மானித்தவை மழையும் சந்தையும் சட்டங்களும் அரசாங்கங்களும்தான். ஆகவே கவலையின் வரலாற்றை எழுத முடியாவிட்டாலும் அதன் கெடுவின் வரலாற்றை எழுத முடியும்.

கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பங்களை வைத்துப் பார்த்தால், அந்தக் கெடு படிப்படியாகச் சுருங்கி வந்திருக்கிறது என்பதே என் கருத்து. போகத்துக்கு ஒரு தடவை வந்த கவலை மாதத்துக்கு ஒன்றாகி, பின் கிழமைக்கு ஒன்றாகி, இன்று நாளாந்தம் என்றாகிவிட்டது. இதைக் கவனிக்காமல், "நம்மட ஆக்களுக்கு தவக்குல் இல்ல, வீண்செலவு கூடிப்போச்சு" என்று மட்டும் பேசுவது பாதி உண்மைதான்.

களவெட்டிக் கெடு

வெள்ளாமை வாழ்க்கையில் ஆண்டின் பெரிய திகதி அறுவடை. பெரும்போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மாசி, பங்குனியில் நெல் வீடு வரும். நீர்ப்பாசன வசதி உள்ள காணிகளில் சிறுபோகமும் உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்த இரண்டாம் போகத்தை அம்பாறைப் பக்கத்தில் பரவலாக்கியது. கடைக்காரரின் கடன் கொப்பி, துணிக் கடன், வண்டிக் கூலி, மகளின் கலியாணப் பேச்சு எல்லாமே "வெள்ளாம வெட்டினாப் பிறகு" என்ற ஒரே கெடுவில் நின்றன. உழவு, விதைநெல் செலவு, அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்கள், கடைசியில் களவெட்டிக் கணக்கு என்று கவலைக்கும் பருவம் இருந்தது. நடுவில் சில மாதங்கள் அதைப் பற்றி யோசித்தும் பயனில்லை. நெல் வளரும் வேகத்தில்தான் வளரும்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அறுவடைக்கு முன் கையேந்தியவர், களத்தில் வைத்தே நெல்லை மலிவு விலைக்கு அளந்து கொடுக்க வேண்டியிருந்தது. வட்டி என்ற பேர் அதில் இல்லை; வட்டி இருந்தது. போடியாரின் கெடுவும் வயற்காரரின் கெடுவும் ஒன்றல்ல. கிராமக் கடன் அந்நாளிலேயே அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்துவிட்டது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டமும், 1918இல் கடன் கொடுப்போரைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தன. கடற்கரையில் கதை இன்னும் வேறு. கரைவலைத் தொழிலாளி அன்றன்று பங்கு பெறுகிறவர். வாடைக் காலத்தில் கடல் குழம்பினால் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கித்தான் அடுப்பு எரியும். அந்த வீடுகளில் நாளாந்தக் கவலை அன்றும் இருந்தது.

வேறுபாடு எங்கே என்றால், அந்தக் கவலையைப் பலர் சேர்ந்து தாங்கினார்கள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தன் மனைவிக்குச் சொல்லும் பாட்டிலும், திருக்குறளின் ஈகை அதிகாரத்திலும் 'குறியெதிர்ப்பை' என்றொரு சொல் வருகிறது. அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பிக் கொடுப்பது என்பது அதன் பொருள். எங்கள் குசினிகளில் அதற்குக் 'கைமாத்து' என்று பேர். வேலிக்கு மேலால் வாங்கிய ஒரு சுண்டு அரிசி, ஒரு சுண்டாகவே திரும்பிப் போகும். கூடுதலாக எதுவும் இல்லை. வட்டியைத் தடுத்த மார்க்கத்தைப் பின்பற்றும் சமூகத்துக்கு இந்தத் தமிழ் வழக்கம் அந்நியமாகத் தெரியாததில் வியப்பில்லை. சீட்டும் அப்படித்தான். பத்துப் பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டில், "மகளுக்குப் பேசி முடிச்சிருக்கு, முதல் சீட்ட அவவுக்குக் கொடுங்க" என்றால் குலுக்கலையும் தள்ளி வைப்பார்கள். மனிதரின் தேவையைப் பார்த்து அங்கே கெடு வளைந்து கொடுத்தது.

சேமிப்பு இருந்த இடம்

சித்தி லெப்பை 'அசன்பே சரித்திர'த்தை வெளியிட்ட அதே 1885இல்தான் இலங்கையில் தபாற்கந்தோர் சேமிப்பு வங்கியும் தொடங்கியது. சிறு வருமானக்காரரும் சதம் சதமாகச் சேர்க்கலாம் என்பது அதன் நோக்கம். ஆனால் வட்டியைப் பற்றிய மார்க்கத் தயக்கத்தால் நம்மவர் பலர் வங்கிப் புத்தகத்திலிருந்து தள்ளியே நின்றார்கள். வட்டியில்லா வங்கி முறைக்குச் சட்ட இடம் கிடைத்தது 2005இன் வங்கிச் சட்டத் திருத்தத்தோடுதான். இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில் பெரும்பாலும் நம் சேமிப்பு இருந்த இடங்கள் காணி, வீடு, நகை.

இதில் ஒரு விளைவு உண்டு. கிழக்கில் வீடு மகளுக்கு. நகையும் அவளுக்கே. மணமகளின் பயன்பாட்டுக்கென்று பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் கைக்கூலியை 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மகள் பிறந்த நாளிலிருந்து தொடங்குகிற இந்தக் கவலைக்குக் கெடு பதினெட்டு, இருபது ஆண்டுகள். குடும்பத்தின் மிக நீண்ட கவலை இதுவே. ஆனால் அவசரம் வந்தால் அடகுக்குப் போவதும் அதே நகைதான். நீண்ட கெடுவுக்குச் சேர்த்ததைக் குறுகிய கெடுவுக்குக் கரைத்துவிட்டு, மீட்க முடியாமல் தவிப்பது நம் பெண்களின் பழைய துயரம்.

கூப்பன் அரிசியும் முத்திரையும்

இரண்டாம் உலகப் போரில் பர்மா விழுந்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1942இல் பங்கீடு வந்தது. கூப்பனோடு சங்கக்கடைக்குப் போய்க் கிழமைக்குக் கிழமை அரிசி எடுக்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. வரிசையில் நிற்கிற சிரமம் இருந்தாலும், அரிசி நிச்சயம் என்பது ஓர் ஆறுதல். அந்த ஆறுதலின் பெறுமதி 1953இல் தெரிந்தது. ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலையை அரசாங்கம் 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 45 சதம் ஓர் அரசாங்கத்தின் தலைவரை மாற்றியது. வீட்டுக்குள் இருந்த கவலை ஒன்றாகச் சேர்ந்து தெருவுக்கு வந்த நாள் அது.

1966 இறுதியில் அதே டட்லியின் அடுத்த அரசாங்கம் பங்கீட்டைப் பாதியாக்கி, மீதி ஒரு கொத்தை இலவசமாக்கியது. எழுபதுகளின் பஞ்சம், பாண் வரிசை, மரவள்ளிக் கிழங்கு, அரிசி கொண்டு போகத் தடை என்பவற்றையெல்லாம் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது 1979. திறந்த பொருளாதாரம் வந்த பின் கூப்பன் அரிசி போய், ரூபாக் கணக்கில் உணவு முத்திரை வந்தது. சிறிய மாற்றம் போலத் தெரியும். ஆனால் ஒரு கொத்து அரிசி தருவேன் என்று அரசாங்கம் சொன்னால், விலை ஏறும்போது அந்தக் கவலை அரசாங்கத்தினுடையது. இத்தனை ரூபா தருவேன் என்று சொன்னால், விலை ஏறும்போது கவலை உம்மாவினுடையது. முத்திரையில் அச்சிட்ட தொகை நிற்க, சந்தையில் விலை ஏறியது. கணக்கின் அலகை மாற்றியதில் கவலை கைமாறிப் போனது.

மாதம், கிழமை, நாள்

அதே காலத்தில்தான் வளைகுடாவுக்குப் போகும் பயணங்கள் பெருகின. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. ஓலை வீடுகள் கல் வீடுகளாகின, பிள்ளைகள் படித்தார்கள். இதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டின் நாட்காட்டி மாறியது. அறுவடை பார்த்த கண்கள் மாதக் கடைசியைப் பார்க்கத் தொடங்கின. போகிற செலவுக்கு நகை அடகு, பிறகு முதல் சில மாதச் சம்பளம் அதை மீட்க. "சல்லி வந்திச்சா?" என்ற கேள்வி ஊர் விசாரிப்பாகவே ஆகிவிட்டது. 1990 ஓகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, எங்கோ நடந்த யுத்தம் நம் ஊர்களின் மாதக் கணக்கை ஒரே நாளில் நிறுத்தியது. மழை பிழைத்தால் கவலைப்பட்டவர்கள், வானொலிச் செய்திக்குக் கவலைப்படக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது கிழமை. சுனாமிக்கும் யுத்தத்துக்கும் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நிறுத்தி, கிழமைக்குக் கிழமை தவணை அறவிடுவது அவற்றில் பலவற்றின் முறை. வெளியில் பார்த்தால் சீட்டுப் போலவே இருக்கும். அதே பத்துப் பெண்கள், அதே முற்றம். ஆனால் சீட்டில் தேவைக்காகக் கெடு வளைந்தது. இங்கே கெடுவுக்காகப் பெண் வளைய வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், கைமாத்துக் கொடுத்த அயல்வீடே தவணை கேட்கும் வீடாகியது. விதைத்த வயலில் நான்கு மாதம் கழித்து வரப்போகும் வருமானத்துக்கு எதிராக, அடுத்த கிழமையே தவணை தொடங்கும் கடன் கொடுக்கப்பட்டது. அதைக் கட்ட இன்னொரு கடன், அதற்கு இன்னொன்று. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தீர்க்கும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்க வேண்டியதாயிற்று. வகுப்பில் ஒரு பிள்ளை குறிப்பிட்ட ஒரு கிழமை நாளில் மட்டும் வராமல் விட்டால், அது "லோன்காரன் வாற நாள்" என்று ஆசிரியர்களுக்கு இப்போது விளங்கும்.

2022இல் கெடு நாளாகச் சுருங்கியது. மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயப் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9 வீதம். எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு வரவு மாதத்துக்கு ஒன்று. விலையோ காலையில் ஒன்று, அஸருக்குப் பிறகு ஒன்று. கடைக்காரர் கொப்பியை மூடி வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இன்று கடனாகக் கொடுத்த சீனியை நாளை அதே காசுக்கு அவரால் வாங்க முடியாது. நூறு ஆண்டுகளாக நம் கவலையைத் தள்ளிப்போட்டுத் தந்த ஒரு சிறு கொப்பி, விலைவாசியின் வேகத்தில் செயலிழந்து போனது.

கெடுவை நீட்டுவது

ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கற்பித்த துஆ ஒன்றில் கவலையிலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் சேர்த்தே பாதுகாப்புத் தேடப்படுகிறது. இரண்டும் அருகருகே இருப்பதை அறியாத மார்க்கமல்ல நம்முடையது. குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல் பகராவின் 282ஆம் வசனம், கடனைக் கெடு குறித்து எழுதி வைப்பது பற்றியது. அதற்குச் சற்று முன்னால் உள்ள 280ஆம் வசனம், கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்கிறது. முதலாவது கெடுவைத் தெளிவாக்குகிறது, இரண்டாவது அதை நீட்டுகிறது. குறுகும் கெடுவுக்கு எதிரான மருந்து இங்கேயே இருக்கிறது.

இதைச் செயலில் பார்க்க வேண்டும். பல ஊர்களில் ஸகாத் நிதியங்களும் பள்ளிவாசல் கடனுதவித் திட்டங்களும் இருக்கின்றன. ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் ஒரு கூட்டம். ஆனால் நோன்பு மாதத்தில் சில தாள்களைக் கையில் வைப்பது அடுத்த கிழமைத் தவணைக்குப் போய்ச் சேரும்; கவலை ஏழு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். அதே நிதியால் ஒரு பெண்ணின் கிழமைக் கடனை முழுதாக அடைத்து, அதைப் போகத்துக்கு ஒரு தடவை கட்டும் வட்டியில்லாக் கடனாக மாற்றிக் கொடுத்தால், ஒரு வருடத்தில் அவளுக்கு வரும் ஐம்பத்திரண்டு பயங்கள் இரண்டாகக் குறையும். வெள்ளாமைக்காரருக்குப் போகக் கெடு, மீன்காரருக்குக் கடற்பருவக் கெடு, சம்பளக்காரருக்கு மாதக் கெடு. எவ்வளவு வேண்டும் என்று கேட்கும் முன், "உங்களுக்குச் சல்லி எப்ப வரும்?" என்று கேட்கும் நிர்வாகம்தான் நமக்குத் தேவை.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கடைகளின் கடன் கொப்பிகள், சீட்டுக் கணக்குகள், அடகுத் துண்டுகள், வெளிநாட்டிலிருந்து காசோடு வந்த கடிதங்கள் ஆகியவை வெளிச்ச வீடு போன்ற ஆவணங்கள். அவற்றை நாம் சுண்டல் சுற்றுகிற கடதாசியாக விட்டுவிடுகிறோம். பெயர்களை மறைத்துவிட்டுத் திகதிகளை மட்டும் படித்தாலும் போதும். எந்த மாதத்தில் எங்கள் உம்மாமார் தூக்கமில்லாமல் இருந்தார்கள் என்பதை அந்தக் கொப்பிகள் சொல்லும். உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒன்று மிஞ்சியிருந்தால், கறையான் அரிக்க முன் எடுத்து வையுங்கள்.