இலவச சுகாதார சேவையும் தோட்டத்தின் எல்லையும்

இலங்கையின் சுகாதார வரலாறு பெருமையுடன் பேசப்படும் ஒன்றாகும். குறைந்த வருமானமுடைய நாடொன்று உயர்ந்த சுகாதார நிலையை எய்தமுடியும் என்பதற்குச் சான்றாக, 1985ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவில் பெலாஜியோவில் கூடிய மாநாடு சீனா, கோஸ்ரா ரிக்கா, கேரளம் ஆகியவற்றுடன் இலங்கையையும் எடுத்துக்காட்டியது. இப்புகழ் தகுதியற்றதன்று. ஆயினும் ஒரு நாட்டின் சராசரி என்பது அந்நாட்டு மக்கள் அனைவரது நிலையையும் உணர்த்தும் அளவுகோலன்று. இலங்கையின் சுகாதாரச் சீர்திருத்தத்தை மலைநாட்டுப் பெருந்தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து, அதன் வரலாறு வேறொரு வடிவம் பெறுகின்றது. சீர்திருத்தம் எதனைச் சாதித்தது என்ற வினாவுடன், அது எவ்விடத்தில் நின்றது என்ற வினாவும் எழுப்பப்படுதல் வேண்டும்.

பெருந்தோட்டச் சுகாதார ஏற்பாடுகள், நாட்டின் பொதுச் சுகாதார சேவை விரிவடைவதற்கு முன்னரே தோன்றியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காடுகளினூடாக மலைநாடு நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் உயிர்களைப் பறித்தன. வந்து சேர்ந்தோரும் லயன் அறைகளின் நெருக்கத்திலும் குளிரிலும் நோயுற்றனர். இம்மரணங்கள் தொழிலாளர் வருகையைப் பாதித்ததுடன் கண்டனங்களையும் எழுப்பின. இப்பின்னணியிலேயே 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்ட மாவட்டங்களில் மருத்துவ வசதி அளிக்கும் பொறுப்பும் அதன் செலவும் தோட்ட உடைமையாளரைச் சார்ந்தன. 1880ஆம் ஆண்டின் சட்டம் அப்பொறுப்பின் நிருவாகத்தை அரசின் கைக்கு மாற்றியது. அதற்கான நிதி தோட்ட விளைபொருள்களின் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து பெறப்பட்டது.

இவ்வேற்பாடுகள் 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தால் முழுமை பெற்றன. தோட்டத்துரையின் கடமைகள் அதில் வரையறுக்கப்பட்டன. லயன்களைச் சுகாதாரமான நிலையில் வைத்திருத்தல், தோட்டத்தில் நோயுற்றோரை அறிந்து தக்க உதவி அளித்தல், மாவட்ட மருத்துவ அதிகாரி பணிக்குமிடத்து நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்கு ஒரு மாத காலத்திற்கு உணவும் உறைவிடமும் அளித்தல், ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பையும் போசணையையும் உறுதிசெய்தல் என்பன அவற்றுட் சில. தம் செலவில் வைத்தியசாலையோ மருந்தகமோ நடத்திய தோட்டங்கள் செலுத்திய தீர்வையில் ஒரு பகுதி சலுகையாக அவற்றுக்குத் திருப்பியளிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைக் கிராமத்துத் தாய்மார்க்கு இத்தகைய சட்டப் பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை என்பது உண்மையே.

ஆயினும் இச்சட்டத்தின் அடிப்படையை உற்றுநோக்குதல் அவசியம். அது தொழிலாளியை உரிமையுடைய மனிதனாகக் கருதவில்லை. உடைமையாளரின் பொறுப்பிலுள்ள உழைப்புச் சக்தியாகவே கருதியது. நோயாளி யார், அவர் பெரட்டுக்கு வரத்தக்கவரா, வைத்தியசாலைக்கு அனுப்பப்பட வேண்டியவரா என்பவற்றை முதலில் தீர்மானிப்பவர், அவரது அன்றைய உழைப்பால் இலாபமடையும் தோட்ட நிருவாகியே ஆவார். சட்டத்தை மீறக்கூடியவரிடமே அதனை நிறைவேற்றும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நல்ல தோட்டத்தில் நல்ல வைத்தியசாலையும், தீய தோட்டத்தில் பூட்டிய மருந்தகமும் அமைந்தமை இதனாலேயாம்.

தோட்டத்திற்கு வெளியே இக்காலத்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. தாய் சேய் நலன், தொற்றுநோய்த் தடுப்பு, சுகாதாரக் கல்வி ஆகியன கிராம மக்களின் இல்லங்களை நோக்கிச் செல்லத் தொடங்கின. 1931ஆம் ஆண்டின் சர்வசன வாக்குரிமை இப்போக்கிற்கு அரசியல் வலுவூட்டியது. வாக்காளரின் ஆதரவை நாடிய அரசாங்க சபை உறுப்பினர்கள் தத்தம் தொகுதிகளுக்கு மருந்தகங்களையும் வைத்தியசாலைகளையும் கோரினர். ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாப் பெருநோய், அரசு மக்களின் உடல்நலத்திற்குப் பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் கருத்தை நிலைநாட்டியது. 1946ஆம் ஆண்டில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த பொது மரண வீதம் மறு ஆண்டிலேயே ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. 1951ஆம் ஆண்டில் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1952ஆம் ஆண்டின் சுகாதார சேவைகள் சட்டம் இச்சேவையின் நிருவாகத்திற்கு வடிவம் கொடுத்தது.

மருத்துவ வசதி தொழில் ஒப்பந்தத்தின் ஓர் உறுப்பு என்ற நிலை மாறி, அது மக்களின் உரிமை என்ற நிலை உருவாகிய காலம் இதுவே. ஆனால் அம்மாற்றம் தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டது. தோட்ட மக்களின் மருத்துவத் தேவை சட்டப்படி தோட்ட நிருவாகத்தின் கடமை என்பது அரசாங்கங்களின் வாதமாயிருந்தது. கிராமங்கள்தோறும் பரவிய குடும்ப சுகாதாரப் பணியும் மருத்துவ மாதின் வருகையும் தோட்ட லயன்களைப் பெரும்பாலும் எட்டவில்லை. ஒரு காலத்தில் பாதுகாப்பாக இயற்றப்பட்ட 1912ஆம் ஆண்டின் சட்டம், 1951இன் பின்னர் விலக்கிவைப்பிற்கான காரணமாக மாறிற்று.

இவ்விலக்கிவைப்பு எதிர்ப்பின்றி நிலைத்தமைக்கு அரசியற் காரணம் வெளிப்படையானது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் 7 உறுப்பினர்கள் பாராளுமன்றத்திற்குத் தெரிவாயினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையக மக்களுட் பெரும்பாலோரின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி ஒருவர்தானும் தெரிவாகவில்லை. இலவச சுகாதார சேவையைக் கிராமத்திற்குக் கொண்டுசென்ற சக்தி வாக்காளரின் சக்தியே எனின், அச்சக்தியை இழந்த மக்களிடம் அது சென்றடையாமை வியப்பன்று. சுதந்திரத்தின் பின்னரான இருபது ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேற்பட்டதைத் தேயிலையே ஈட்டித் தந்தது. இலவச சேவைகளின் நிதிக்கு ஆதாரமாயமைந்த உழைப்பை நல்கியோரே அச்சேவைகளின் விளிம்பில் நின்றனர்.

அரச வைத்தியசாலைகளின் கதவு தோட்ட மக்களுக்கு அடைக்கப்பட்டிருக்கவில்லை எனச் சிலர் வாதிப்பர். சட்டத்தின் எழுத்தளவில் இது சரியே. ஆயினும் கதவு திறந்திருத்தல் வேறு, அக்கதவை அடைதல் வேறு. மலைச்சரிவிலுள்ள பிரிவொன்றிலிருந்து நகர வைத்தியசாலைக்குச் செல்லத் தோட்டத்து லொறியே வாகனம். அதனைத் தருபவர் நிருவாகி. செல்லும் நாளுக்குச் சம்பளம் இல்லை. சென்றடைந்தவிடத்துத் தன் நோவைத் தன் மொழியில் எடுத்துரைக்க முடியாத நிலையும் பலருக்கு ஏற்பட்டது. கட்டணம் இல்லாத சேவையும் இவர்களுக்கு விலையுடையதாகவே இருந்தது.

இதன் விளைவு மரணப் பதிவேடுகளில் தெரிகின்றது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் நாடு முழுவதிலும் சிசு மரண வீதம் விரைந்து வீழ்ந்தது. தோட்டங்களில் அவ்வீழ்ச்சி மந்தமாயிருந்தது. 1970களின் தொடக்கத்தில் தோட்டப்புறச் சிசு மரண வீதம் நாட்டு வீதத்தின் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. இவ்விடைவெளியைக் குடியேற்றவாதத்தின் எச்சம் எனக் கூறி அமைதல் பொருந்தாது. பிறருக்கு வழங்கப்பட்ட நன்மை இவர்களுக்கு வழங்கப்படாமையும் அதனை விரிவடையச் செய்தது. 1973-74ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடி இதன் கொடுமையை வெளிப்படுத்தியது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது, நாட்டின் சிசு மரண வீதம் 1973இல் 46 ஆக இருந்து 1974இல் 51 ஆக உயர்ந்தது. பயிரிடுவதற்குச் சொந்த நிலமோ வேறு வருமானமோ இல்லாத தோட்டங்களிலேயே மரணங்கள் மிகக் கடுமையாக அதிகரித்தன.

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்ட வைத்தியசாலைகள் பொதுச் சுகாதார சேவையுடன் இணைவதற்கு இது சிறந்த வாய்ப்பாக அமைந்திருக்கலாம். நிகழ்ந்ததோ வேறு. அவை சுகாதாரத் திணைக்களத்தினிடம் ஒப்படைக்கப்படாது, தோட்டங்களை நடத்திய அரச கூட்டுத்தாபனங்களின் கீழேயே தொடர்ந்தன. தாய் சேய் நலத் திட்டங்களும் தடுப்பூசியும் விரிவடைந்தமையால் மரண வீதம் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். எனினும் அடிப்படைக் கொள்கை மாறவில்லை. 1992ஆம் ஆண்டில் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளைப் படிப்படியாக அரசு பொறுப்பேற்கும் தீர்மானம் 1990களில் எடுக்கப்பட்டபோதிலும், ஒரு பகுதியே அவ்வாறு பொறுப்பேற்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் அரச கல்வி முறைமையுள் கொண்டுவரப்பட்டமையுடன் இதனை ஒப்பிடுதல் பயனுடைத்து. அதன் பயனாகவே மலையகத்திலிருந்து ஆசிரியரும் பட்டதாரிகளும் பெருந்தொகையாகத் தோன்றினர். கல்வியில் இயன்றது சுகாதாரத்தில் இயலாததன்று.

1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பிரசாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்ட முறையில் முடிவு கண்டன. ஆயினும் பிரசையாகிய பின்னரும் உடல் பழைய வரலாற்றைச் சுமந்தே வளர்கின்றது. 2006-07ஆம் ஆண்டுகளின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வயதிற்கேற்ற உயரமற்றோர் நாட்டில் ஏறத்தாழ 17 வீதத்தினர். தோட்டங்களில் ஏறத்தாழ 40 வீதத்தினர். 2016ஆம் ஆண்டின் அளவீட்டில் நாட்டு வீதம் அவ்வாறே நிற்க, தோட்ட வீதம் ஏறத்தாழ 32 ஆக இருந்தது. முன்னேற்றம் உண்டு, இடைவெளி அகலவில்லை. இதனுடன் புதியதொரு சிக்கலும் தோன்றியுள்ளது. இன்று லயன்களில் வாழ்வோருட் பலர் தோட்டத் தொழிலாளரல்லர். தொழிலாளரின் நலனே தம் பொறுப்பு எனக் கம்பனி கருதுமாயின், ஓய்வுபெற்ற முதியோரும் வெளியே வேலை செய்வோரும் எவரது பொறுப்பு? தொழிலுடன் பிணைக்கப்பட்ட மருத்துவ உரிமை தொழில் அற்றவிடத்து அற்றுப்போகும் என்பதே இதன் பொருளாகும்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை யாதெனில், ஒரு சுகாதாரச் சீர்திருத்தத்தின் தன்மையை அதன் மையத்தில் வாழ்வோரின் நன்மையைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடுதல் தவறு என்பதாம். 1872 முதல் தோட்ட வைத்தியசாலையின் உடைமையாளர் பன்முறை மாறினர்: கோப்பித் துரைமார், ஆங்கிலேயக் கம்பனிகள், அரச கூட்டுத்தாபனங்கள், உள்நாட்டுக் கம்பனிகள். மாறாதிருந்தது, அங்கு சிகிச்சை பெறுபவர் எவரோ ஒருவரின் தொழிலாளி என்னும் கருத்தே. அக்கருத்து அகன்று, தோட்ட வைத்தியசாலைகள் யாவும் தகுதிபெற்ற மருத்துவருடனும் தமிழ்மொழி அறிந்த ஊழியருடனும் அரச சுகாதார சேவையின் உறுப்புகளாகும் வரையில், 1951ஆம் ஆண்டில் தொடங்கிய சீர்திருத்தம் நிறைவெய்தியதாகக் கொள்ளமுடியாது.