அணை அகன்றது, மீன் திரும்பியது

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் சால்மன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் எல்வா ஆற்றில் 1913-இல் மின்சாரத்துக்காக ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மீன் ஏறிச் செல்ல அதில் வழியில்லை. சட்டம் அவ்வழியைக் கேட்டது. பதிலாக மீன்குஞ்சுப் பண்ணை ஒன்று அமைத்தால் போதும் என்றனர் அதிகாரிகள். 1922-இல் அப்பண்ணையும் மூடப்பட்டது. 1927-இல் மேலே இரண்டாம் அணையும் எழுந்தது.

அம்மீனை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் விடாது முறையிட்டனர். 1992-இல் ஆற்றை மீட்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2011-க்கும் 2014-க்கும் இடையில் இரு அணைகளும் அகற்றப்பட்டன. சால்மன் மீண்டும் மேலாற்றுக்கு ஏறியது. மீன்பிடிப்பை நிறுத்திக் காத்திருந்த பழங்குடியினர், 2023-இல் சிறிதளவு பிடித்தனர்.

மீனைக் காப்பதென்றால் அதன் வழியைக் காப்பதே அன்றோ?