தோலின் ஊடே ஒரு சுடர்

பொழுதுபோக்காகத் தோல்வேலை பழகத் தொடங்குவோர் முதலில் செய்து பார்க்கும் சிறு பொருள்களுள் மெழுகுவத்தித் தாங்கியும் ஒன்று. ஒரு கண்ணாடிக் குவளை, அதைச் சுற்றி வளைத்துத் தைக்க ஒரு சாண் நீளத் தோற்பட்டை, பட்டையில் பூவோ பிறையோ குத்தி எடுக்க நாலைந்து துளையுளிகள்; இவ்வளவுதான் தேவை. உள்ளே சிறு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தால் துளைகளின் வழியே ஒளி கசிந்து சுவரில் பூக்கோலம் விழும். அரைநாள் வேலை. இவ்விளையாட்டுப் பொருளைப் பார்க்குந்தோறும் நமக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. நெருப்பருகே வைக்கத் தகாத பொருள்களுள் ஒன்று தோல். அத்தோலையும் சுடரையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எண்ணம் மனிதனுக்கு எப்படி வந்தது?

தோல் வெப்பத்திற்கு அஞ்சுவது. நனைந்த பச்சைத்தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே சுருண்டு போகும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பேற்றிப் பதனிட்ட தோல் 70, 80 பாகை வரை தாங்கும். குரோமிய உப்பால் பதனிட்டது கொதிநீரையும் ஓரளவு பொறுக்கும். கண்ணாடிக் குவளை இடையில் நிற்காவிடில் நம் மெழுகுவத்தித் தாங்கி ஒரு மாலைப்பொழுதுக்குக்கூட உதவாது.

பதனிடுதலில் இன்னொரு நுட்பமும் உண்டு. பதனிட்ட தோல் ஒளியை மறைக்கும். பதனிடாமல், மயிரும் கொழுப்பும் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்திய ஆட்டுத்தோலோ ஒளியைத் தன் ஊடே விடும். கண்ணாடி மலிவாகக் கிடைக்காத காலத்தில் ஐரோப்பியர் விலங்கின் கொம்பை மென்தகடாகச் சீவி விளக்குக் கூண்டுக்குப் பலகணி அமைத்ததும், எண்ணெய் தடவிய தோலைச் சாளரத்தில் கட்டியதும் இவ்வகை அறிவினால்தான். மெழுகுவத்தித் தாங்கி செய்பவர் பதனிட்ட தோலை எடுத்தால் துளையிட்டே தீரவேண்டும். பதனிடாத தோலை எடுத்தால் வண்ணம் தீட்டினாலே போதும், தோலே சுடராகிவிடும். இவ்விரு வழிகளும் நம் தென்னாட்டில் இரு பெருங்கலைகளாக வளர்ந்து நின்றவை.

பாவையையும் விளக்கையும் இணைத்துப் பார்ப்பது நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை, கையில் அகலேந்தி நிற்கிறது. குறளிலோ பாவை மரத்தால் ஆனது. 1020, 1058 ஆகிய குறள்களில் அது உயிரற்ற இயக்கத்துக்கு உவமையாகிறது. நெடுநல்வாடையின் பாவை விளக்கைத் தாங்குகிறது. தோற்பாவையோ விளக்கின் முன்னே நின்று அதன் ஒளியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்வது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் நாம் சொல்ல வந்த வரலாறு முழுவதும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

முதல் வழியைக் கேரளத்தில் காணலாம். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பகுதிகளின் பத்திரகாளி கோயில்களில் கூத்துமாடம் என்றொரு கட்டடம் தனியே நிற்கும். தாரிகனோடு பொருதுகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணும் வாய்ப்பை இழந்த காளிக்கு அதை ஆடிக் காட்டுவதாக ஐதிகம். எனவே அவையில் ஒருவரும் இல்லாவிடினும் கூத்து நிற்பதில்லை, அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கு ஒலிப்பது கம்பனின் பாடல்கள். மலையாள நாட்டில், மலையாளம் பேசும் புலவர்கள், இரவு முழுதும் தமிழ்ச் செய்யுளைப் பாடி அதற்கு உரை விரிக்கிறார்கள். கம்பன் விழா மேடைகளில் இச்செய்தி எத்தனை முறை பேசப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் நமக்குச் சற்று வருத்தமே மிஞ்சுகிறது.

இப்பாவைகள் பண்டு மான்தோலில் வெட்டப்பட்டவை. ஒளி புகாத கரிய உருவங்கள். அணியும் ஆடையும் முடியும் நுண்துளைகளாலேயே காட்டப்படும். திரைக்குப் பின்னே வரிசையாக 21 விளக்குகள், தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து ஏற்றப்படும். ஒரே ஒளி என்றால் நிழல் கல்லில் வெட்டியதுபோல் அசையாமல் நிற்கும். இருபத்தொரு சுடர்களும் காற்றில் தனித்தனியே நடுங்கும்போது அசையாத பாவையும் மூச்சுவிடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் புதிய மான்தோலுக்கு வழியில்லை. ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் அவ்விடத்தைப் பிடித்தன. கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயிலுக்கு வெளியேயும் மேடையேற்றியவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இரண்டாம் வழி ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டம். இங்குப் பாவை ஆளுயரம்கூட இருக்கும். ஆட்டுத்தோலை ஊறவைத்துச் சுரண்டி, வெயிலில் விறைப்பாகக் கட்டி உலர்த்தி, கோடிழுத்து, மரப்பலகைமேல் வைத்து உளிகளால் பொட்டுப் பொட்டாகத் துளையிட்டு, இருபுறமும் சாயம் ஏற்றுவர். கழுத்து, தோள், முழங்கை ஆகிய மூட்டுகள் தனித்தனியே வெட்டப்பட்டுக் கயிற்றால் முடியப்படும். எண்ணெய் விளக்கிலும், பின்பு பெட்ரோமாக்ஸிலும், அதன்பின் மின்குமிழிலும் இப்பாவைகள் சிவப்பும் பச்சையுமாக ஒளிர்ந்தன. இதனை ஆடும் குடும்பங்கள் வீட்டில் மராத்தியின் ஒரு கிளைமொழியைப் பேசுவோர். தமிழகத்தில் தோற்பாவைக் கூத்து நிகழ்த்தும் குடும்பங்களும் அத்தகையோரே. 1676 முதல் 1855 வரை நீடித்த தஞ்சை மராத்தியர் ஆட்சியோடு அவர்கள் வருகையை இணைத்துச் சொல்வது வழக்கம்.

நிம்மலகுண்டா, தர்மாவரத்தை அடுத்த சிற்றூர்; முன்பு அனந்தபூர் மாவட்டத்திலும், 2022 முதல் ஸ்ரீ சத்யசாயி மாவட்டத்திலும் அடங்குவது. திரைப்படமும் தொலைக்காட்சியும் ஊர்தோறும் புகுந்தபின் கூத்துக்கு அழைப்போர் அருகினர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவ்வூர்க் கலைஞர்கள் அதே தோலை, அதே உளியை, அதே சாயத்தைக் கொண்டு விளக்குக் கூண்டுகள் செய்யத் தலைப்பட்டனர். கம்பிச் சட்டத்தின்மேல் ஈரத்தோலைப் போர்த்தித் தைத்துவிட்டால், உலரும்போது தோல் தானாகவே இறுகி முரசுபோல் விறைத்துக்கொள்ளும். தோலின் சுருங்கும் இயல்பு, நெருப்பருகே குறையாக நிற்பது, இங்குத் தொழில்நுட்பமாகிவிடுகிறது. ஆந்திரத் தோற்பாவைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர் தளவாய் சலபதி ராவ் 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்.

கூண்டு செய்வது கலையின் வீழ்ச்சி என்று புலம்புவோர் உண்டு. அப்புலம்பலில் நமக்கு உடன்பாடில்லை. கூத்தை ஆடச் சொல்லி அழைக்காத நாம், அரிசிக்கு வழிதேடிய கலைஞனைப் பார்த்துத் தூய்மை பேசுவது முறையன்று. உளி பிடிக்கும் கை பிழைத்திருப்பதே அக்கூண்டுகளால்தான். பாவை வெட்டும் அறிவு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பதும் அதனாலேயே.

ஆயினும் எது கூண்டில் ஏறியது, எது ஏறவில்லை என்று கணக்கெடுப்பது நம் கடமை. இராமன் ஏறினான், அனுமன் ஏறினான், மயிலும் தாமரையும் ஏறின. ஆந்திரக் கூத்தில் இரவின் நடுச்சாமத்தில் தூங்கி வழியும் அவையை எழுப்பிய கேதிகாடு, பங்காரக்கா போன்ற கோமாளிகள் பெரும்பாலும் ஏறவில்லை. தமிழகத்தில் அவர்களுக்கு உறவுமுறையினரான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் எந்த வரவேற்பறையில் இடம் கிடைக்கும்? ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்வதும், வரிகேட்டு வந்தவனை மடக்குவதும், இராமகாதையின் இடையே அன்றைய விலைவாசியை நுழைப்பதும் அவர்கள் வேலை. எழுதி வைத்த பாடல் அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் பேச்சு அன்றிரவே பிறந்து அன்றிரவே முடிவது. அழகிய உருவம் சந்தையில் விலைபோகும், ஏட்டில் இருக்கும் பாட்டு அச்சேறும். வசைச்சிரிப்புக்கு இவ்விரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. தோற்பாவைக் கூத்து குறித்த ஆய்வுகளில் பாவையின் அளவும் தோலின் வகையும் எழுதப்படும் அளவுக்கு இவர்கள் பேசிய வசனங்கள் பதிவாக வேண்டும் என்பது நம் அவா. நம் துறை மாணவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறோம். அவர்களோ காப்பியம் பக்கமே சாய்கிறார்கள்.

கூண்டில் ஏறிய பாவைக்கு மூட்டு இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அனுமனின் வால் சட்டத்தைச் சுற்றித் தைக்கப்பட்டுவிடுகிறது. தோள் அசையத் தேவையில்லை என்பதால் கயிற்று முடிச்சுகளும் தேவையற்றுப் போகின்றன. துளையிடவும் சாயமேற்றவும் தேர்ந்த இளைஞனுக்குப் பாவையின் முழங்கையை எங்கே அறுத்து எங்கே முடிவது என்று தெரியாமல் போகக்கூடும். அம்முடிச்சு எந்த நூலிலும் இல்லை.

ஒட்டகத்தோலைக் களிமண் அச்சின்மேல் போர்த்தி உலர்த்தி, பின் மண்ணை உடைத்தெடுத்து, விளக்காக்கி வண்ணம் தீட்டும் முல்தான் நகரக் கைவினையை இதனோடு ஒப்பிடலாம். அங்குத் தோல் எக்காலத்தும் பாத்திரமாகவும் விளக்காகவுமே இருந்தது. நிம்மலகுண்டாவின் தோலுக்கோ நடிகனாக ஒரு முற்பிறவி இருந்தது.

சுடுகிற குமிழுக்குப் பதில் எல்இடி விளக்குகள் வந்தபின் கூண்டின் ஆயுள் கூடியிருக்கிறது. பழைய மின்குமிழ் தான் வாங்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே கக்கியது. சில ஆண்டுகளில் தோல் முறுகிச் சாயம் மங்கும். இன்று அச்சமில்லை. மெழுகுவத்தித் தாங்கி செய்யும் நம் நண்பர்களும் பலர் மின்கலத்தில் எரியும் போலி மெழுகுவத்திக்கு மாறிவிட்டார்கள். அதனுள்ளே சுடர் நடுங்குவதுபோல் மினுங்கச் செய்ய ஒரு சிறு மின்சுற்று வைத்திருக்கிறார்கள். கூத்துமாடத்தில் அந்த வேலையைக் காற்று செய்துகொண்டிருக்கிறது.