வில் இட் பிளெண்ட்?

வில் இட் பிளெண்ட்? ("இது அரைபடுமா?") என்பது ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஓரம் நகரில் அமைந்துள்ள பிளெண்ட்டெக் நிறுவனம் 2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியிடத் தொடங்கிய விளம்பர நிகழ்படத் (வீடியோ) தொடராகும். இந்நிறுவனம் மிக்சியை ஒத்த பிளெண்டர் எனப்படும் மின் அரைப்பான்களைத் தயாரிக்கிறது. சிறிய செலவில் எடுக்கப்பட்ட விளம்பரம் இணையத்தில் பெருமளவு பரவியதற்கு இத்தொடர் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும்.

பின்னணி

பிளெண்ட்டெக்கை நிறுவியவர் டாம் டிக்சன். அதன் அரைப்பான்களைப் பழக்கூழ்க் கடைகள் போன்ற வணிக நிறுவனங்கள் அறிந்திருந்தன. ஆனால் வீட்டுப் பயனர்களிடையே அதன் பெயர் அவ்வளவாகப் பரவியிருக்கவில்லை. 2006 இல் சந்தைப்படுத்தல் பொறுப்பேற்ற ஜார்ஜ் ரைட், தொழிற்கூடத்தின் தரையில் மரத்தூள் கிடப்பதைக் கண்டு காரணம் வினவினார். கருவிகளின் உறுதியைச் சோதிக்க டிக்சன் மரத்துண்டுகளை இட்டு அரைப்பது வழக்கம் எனத் தெரியவந்தது. இச்சோதனையையே படம்பிடித்து வெளியிட அவர் முடிவு செய்தார்.

முதல் நிகழ்படங்களுக்காகப் பொருட்கள் வாங்க ஆன செலவு ஏறத்தாழ 50 டாலர்கள் மட்டுமே. வெள்ளை ஆய்வுக்கூட அங்கி, கோலிக்குண்டுகள், தோட்ட வாரி முதலியன அவற்றுள் அடங்கும்.

அமைப்பு

நிகழ்படங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அமைப்பு உடையவை. அங்கியும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்த டிக்சன், பொருள் அரைபடுமா எனக் கேட்டு, அதனைக் கருவியில் இட்டு இயக்குவார். முடிவில் எஞ்சிய தூளைக் கொட்டிக் காட்டுவார். 2007 இல் ஐபோனும், 2010 இல் ஐபேடும் இவ்வாறு அரைக்கப்பட்டன. புதிதாக வெளிவந்து பலரும் பேசிக்கொண்டிருந்த பொருளைத் தேர்ந்தெடுத்ததால், அப்பொருளைப் பற்றித் தேடியவர்களும் இந்நிகழ்படங்களைக் கண்டனர். வீட்டில் செய்து பார்க்கத் தக்கவை, செய்யத் தகாதவை என நிகழ்படங்கள் இரு வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

விளைவு

யூடியூப் தளத்தில் வெளியான முதல் நிகழ்படங்கள் சில நாட்களிலேயே பல இலட்சம் முறை பார்க்கப்பட்டன. வீட்டுப் பயன்பாட்டு அரைப்பான்களின் விற்பனை பல மடங்கு உயர்ந்ததாக நிறுவனம் தெரிவித்தது.

பரவுதலும் விற்பனையும்

ஒரு நிகழ்படம் பரவுவதும் பொருள் விற்பதும் ஒன்றல்ல. நகைச்சுவை மட்டும் நினைவில் நின்று, விற்பவரின் பெயர் மறக்கப்படுவது உண்டு. இத்தொடரில் வேடிக்கையும் கருவியின் வலிமைக்கான சான்றும் ஒரே செயலில் அமைந்திருந்தன. கோலிக்குண்டைத் தூளாக்கும் கருவி பனிக்கட்டியையும் அரைக்கும் என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை.

2012 இல் டாலர் சேவ் கிளப் நிறுவனம் ஏறத்தாழ 4,500 டாலர் செலவில் வெளியிட்ட நிகழ்படம் வேறு வகையானது. சவரத் தகடுகளை மாதந்தோறும் குறைந்த விலையில் வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை நிறுவனரே அதில் நகைச்சுவையுடன் விளக்கினார். முதல் இரு நாட்களில் சுமார் 12,000 பேர் பதிவு செய்தனர். அவர்களின் வருகையைத் தாங்காமல் நிறுவனத்தின் இணையத்தளம் முடங்கியது. நிகழ்படம் வெளியாகும் முன்பே இணையத்தளமும் சரக்கிருப்பும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.