பஞ்ச் கிண்ணத்தின் கதை

பஞ்ச் என்றதும் ரஜினி டயலாக் ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை :) இங்கே பார்க்கப்போவது குடிக்கிற பஞ்ச்.

பழைய அமெரிக்க வீடுகளின் சமையலறையில், பாட்டி கைப்பட எழுதிய குறிப்பு அட்டைகள் ஒரு தகர டப்பாவில் இருக்கும். அதில் ஒரு அட்டை நிச்சயம் பஞ்சுக்கானது. 46 அவுன்ஸ் அன்னாசிச் சாறு ஒரு டின், உறைய வைத்த ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சைச் சாறு, இரண்டு பெரிய பாட்டில் ஜிஞ்சர் ஏல், மேலே மிதக்கவிட ஷெர்பெட் ஐஸ். ஓரத்தில் '40 பேருக்கு' என்று குறித்திருக்கும். அந்த 40தான் விஷயமே!

இந்தப் பானத்தின் ஆரம்பம் நம் பக்கத்துக் கடற்கரையில்தான் என்றால் நம்புவீர்களா? பஞ்சாமிர்தத்தில் இருக்கிற அதே 'பஞ்ச'தான் இதுவும் என்பார்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு என்று ஐந்து பொருள். 1670களில் இந்தியாவில் இருந்த ஜான் ஃப்ரையர் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1698-ல் வெளியான தன் புத்தகத்தில் இப்படித்தான் பெயர்க்காரணம் சொல்கிறார். (மரப்பீப்பாயைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று வாதாடுபவர்களும் உண்டு.)

பஞ்சைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்பு 1632-ஆம் வருடக் கடிதம் ஒன்றில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ராபர்ட் ஆடம்ஸ், ஆந்திரக் கரையிலிருந்த பேட்டப்போலிக்கு (இன்றைய நிஜாம்பட்டினம்) எழுதியது. சென்னை என்ற ஊர் உருவாக இன்னும் ஏழு வருடம் இருந்தது. அங்கே எல்லோரும் சேர்ந்து நல்லபடியாக வீடு நடத்துங்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தையிலேயே பஞ்ச் பேச்சை எடுக்கிறார். அந்த வாசகத்தைக் 'குடிக்கவே குடிக்காதீர்கள்' என்றும் படிக்கலாம், 'அளவு பார்க்காமல் குடியுங்கள்' என்றும் படிக்கலாம். எப்படி இருந்தாலும் முதல் குறிப்பிலேயே வீடும் பஞ்சும் ஒட்டிக்கொண்டு வருவது வேடிக்கைதான்.

நீண்ட கப்பல் பயணத்தில், வெயிலில், பீர் கெட்டுப்போகும். சாராயம் கெடாது. அதனால் கீழை நாடுகளில் கிடைத்த சாராயத்தை எலுமிச்சை, சர்க்கரையோடு கலக்கிக் குடித்த மாலுமிகள், அந்தப் பழக்கத்தை ஊருக்கும் கொண்டுபோனார்கள். அங்கே சர்க்கரை, எலுமிச்சை, ஜாதிக்காய் எல்லாமே தூரதேசத்துச் சரக்கு, விலை அதிகம். ஆகவே சீனப் பீங்கான் கிண்ணம் நிறைய பஞ்ச் வைப்பது என்றால் வசதியைக் காட்டுவது என்று அர்த்தம்.

ஆனால் வசதி மட்டும் இல்லை. பஞ்சை வேலைக்காரர் கலக்கக் கூடாது, வீட்டுக்காரரே விருந்தாளிகள் எதிரில் கலக்க வேண்டும் என்பது பல வீடுகளில் வழக்கம். எலுமிச்சைத் தோலைச் சர்க்கரைக் கட்டியில் தேய்த்துத் தேய்த்து வாசனை எண்ணெயை இறக்குவதே பாதி வேலை. சார்லஸ் டிக்கன்ஸ் இதில் கைதேர்ந்தவர். 1847-ல் ஒரு பெண்மணிக்குத் தன் செய்முறையைக் கடிதமாகவே எழுதி அனுப்பினார். ரம், பிராந்தி, சர்க்கரை, எலுமிச்சைத் தோல் போட்டுத் தீ வைத்து, சில நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொதிநீர் ஊற்ற வேண்டும். அவருடைய 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் கடன்காரர் மிக்காபருக்குக் கவலை மறப்பதே பஞ்ச் கலக்கும்போதுதான்.

பிறகு தனித்தனிக் கிளாஸ் வந்தது. 1862-ல் நியூயார்க்கில் ஜெர்ரி தாமஸ் அச்சிட்ட பானங்கள் புத்தகத்தில் பஞ்ச் வகைகள்தான் முன்னால் நிற்கின்றன, காக்டெயில்கள் கொஞ்சம்தான். போகப்போக அது தலைகீழானது. பெரிய கிண்ணம் காலியாகும்வரை கூடி உட்கார்ந்திருக்க யாருக்கும் பொழுதில்லை.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. சர்ச் கூட்டங்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் சாராயம் இல்லாத பழ பஞ்ச் நன்றாகவே வேரூன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உறைய வைத்த ஆரஞ்சுச் சாறு கடைக்கு வந்தது, பாட்டியின் அட்டையும் அந்தக் காலத்துச் சங்கதிதான். ஐஸ் சீக்கிரம் கரைந்து பானம் நீர்த்துப்போகாமல் இருக்க, கேக் அச்சில் செர்ரிப் பழத்தோடு வளையமாக உறைய வைப்பார்கள். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் கொக்கி மாட்டி 12 கோப்பைகள் தொங்கும். கல்யாணப் பரிசாக வந்த கிண்ணம், அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இரவல் போய்வரும்.

பேரப்பிள்ளைகள் அந்த அட்டையை எடுத்து நாலு பேருக்கு வகுத்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அன்னாசி டின்னில் பத்தில் ஒன்பது பாகம் மிச்சம், திறந்த ஜிஞ்சர் ஏல் மறுநாளுக்குள் நுரை போய் வெறும் சர்க்கரைத் தண்ணீர். கிண்ணமோ பரணில். வீட்டைக் காலி செய்யும்போது வாசலில் பழைய சாமான் விற்பார்களே, அங்கே அடிக்கடி கண்ணில் படும். கோப்பைகளை எண்ணினால் பெரும்பாலும் 12 இருக்காது.