தனியாள் வணிகத்தின் நன்மைகள்

வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்கள் தொழில் தொடங்க நினைத்தால், கூட்டாளிகள் உடனே கிடைத்துவிடுவார்கள். மச்சான் வருவார், பழைய அறைத் தோழர் வருவார். தனியாகவே செய்தால் என்ன என்று யோசிப்பவர்கள் குறைவு.

நம் நாட்டில் மளிகைக் கடை, தையல் கடை, செல்போன் பழுதுபார்ப்பு, வீட்டிலிருந்தே பிரியாணி செய்து கொடுப்பது எனச் சிறுதொழில்களில் பெரும்பாலானவை தனியாள் வணிகங்களே. சட்டம் இவ்வணிகத்தை உரிமையாளரிடமிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே கம்பெனிப் பதிவும் வேண்டாம், கூட்டு ஒப்பந்தப் பத்திரமும் வேண்டாம். அந்தந்தத் தொழிலுக்குரிய உரிமங்கள் போதும். மத்திய அரசின் உத்யம் பதிவை ஆதார், பான் எண்களைக் கொண்டு இணையத்தில் இலவசமாகவே செய்யலாம் (இதற்குப் பணம் கேட்கும் தனியார் தளங்களிடம் ஏமாற வேண்டாம்). தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

வருமான வரியிலும் வேறுபாடு உண்டு. கூட்டு நிறுவனம், பங்குதாரர்களின் சம்பளம் போன்றவை போக மீதமுள்ள லாபத்துக்கு 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். தனி வணிகரின் லாபம் அவருடைய சொந்த வருமானமாகக் கொள்ளப்படுவதால், தனிநபருக்கான வரி விகிதமே அவருக்கு உரியது. சிறிய லாபத்துக்கு வரியே வராமலும் போகலாம்.

முடிவெடுக்கும் சுதந்திரம்தான் எல்லாவற்றிலும் பெரிது என்பேன். ரமலானில் பகல் விற்பனை படுத்துவிட்டால், அஸருக்குப் பின் கடை திறந்து ஸஹர் வரை நடத்தலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கொள்முதல் விலை வெளியே தெரியாது. லாபம் பங்கு பிரியாது. சொந்தபந்தத்துக்குள் கணக்குத் தகராறும் வராது.

ஆனால் நட்டமும் ஒருவருக்கே. கடை பட்ட கடனுக்கு வீடும் நகையும் பதில் சொல்ல வேண்டிவரும். இதற்கு மாற்றாக 2013 கம்பெனிகள் சட்டத்தில் 'ஒருநபர் கம்பெனி' முறை வந்தது. அதில் கடன் பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும். 2021 ஏப்ரல் முதல் வெளிநாடுவாழ் இந்தியர்களும் இதைத் தொடங்கலாம். ஆண்டுதோறும் தணிக்கை, படிவங்கள் என்று செலவு உண்டு. வங்கிக் கடன் வாங்கும்போது பெரும்பாலும் சொந்த ஜாமீன் கேட்பார்கள் என்பதால் பாதுகாப்பும் முழுமையானதல்ல. சின்னக் கடைக்கு இது தேவையில்லை.

உரிமையாளர் மவுத்தாகிவிட்டால் ஜிஎஸ்டி பதிவு தானாக மகனுக்கு வராது. அவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். வாரிசுகள் சொத்தைப் பங்கிடும் முன் மையித்தின் கடன்கள் அடைபட வேண்டும். யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடமிருந்து வர வேண்டும் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாமல் இருந்தால் அந்தக் குடும்பம் படும் பாடு கொஞ்சமல்ல. ஆகவே கடைக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, கொடுக்கல் வாங்கலை மனைவிக்கோ பிள்ளைக்கோ தெரிந்த ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் ஸகாத் கணக்குப் பார்க்கவும் அதே நோட்டு உதவும்.